இருக்கறது நாலு

"வயசு என்ன போடறது?" என்று கேட்டார் கிராம நிர்வாக அலுவலர்.

2022 மாசி மாதம். அப்பாயி போய் ஆறு நாள் ஆகியிருந்தது. 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணமும் இல்லை, அலைச்சலும் இல்லை என்று அப்பா என்னை அனுப்பியிருந்தார். ஆதார் அட்டையின் நகலை நீட்டினேன். பிறந்த தேதி 01.01.1936 என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"இந்த ஊர்ல பாதிக் கெழவிங்க ஜனவரி ஒண்ணாந் தேதி பொறந்தவங்கதான் தம்பி."

"அது தப்புங்க. தொண்ணூத்திரெண்டு நடக்குது."

"அதுக்கு ஏதாவது காயிதம் இருக்கா?"

இல்லை. அப்பாயியின் வயதுக்கு எந்தக் காலத்திலும் காகிதம் இருந்ததில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் யாராவது அவளுக்காக ஒரு வயதைச் சொன்னார்கள். 2011இல் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டபோது நானும் கூட இருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் பிறந்த தேதி கேட்டான். "உப்பு அள்ளுன வருசம், ஆடி மாசம்" என்றாள் அப்பாயி. பையன் சித்தப்பாவைப் பார்த்தான். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. "எழுபத்தஞ்சுன்னு போடுங்க" என்றார் சித்தப்பா. பையன் கழித்துப் பார்த்து 1936 என்று தட்டினான். நாளும் மாதமும் தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று. அந்த மேசையில் அப்பாயிக்கு ஐந்தரை வயது குறைந்தது.

இத்தனைக்கும் அவள் சரியாகத்தான் சொன்னாள்.

வேதாரண்யத்துக்கு மேற்கே 'புலம்' என்று முடிகிற ஊர்கள் பல உண்டு. ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், குரவப்புலம் என்று போகும். எங்கள் ஊரும் அந்த வகை. மணல் மேடு. மாவும் தென்னையும் பனையும். காற்று கிழக்கே இருந்து வந்தால் உப்பு வாசம். இந்தப் பக்கத்தில் உப்பு அள்ளிய வருஷம் என்றால் 1930தான். அந்த ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு பேர் திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்தே 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். கைதானார்கள்.

அப்பாயி பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிச் சாலையில் இருந்தது. நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் துரை தண்டோரா போட்டிருந்தார். அப்பாயியின் அம்மா அப்போது மாசமாக இருந்தாள். இரவில் புளிச்சோறு கட்டி, பொட்டணத்தைச் சாலையோரப் புளியமரத்துக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு வந்தாளாம். சோற்றைப் போட்டது யார் என்று மரத்திடம்தான் கேட்க வேண்டும்.

சின்ன வயதில் இதை நான் நம்பவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு நூலகத்தில் அந்த யாத்திரையைப் பற்றிப் படித்தபோது, கலெக்டரின் உத்தரவும் இருந்தது, மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலங்களும் இருந்தன. விடுமுறைக்கு வந்தபோது அப்பாயியிடம் சொன்னேன். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"புஸ்தகத்துல இருந்தாத்தான் நம்புவியா? நான் வயித்துக்குள்ளேருந்தே சத்தியாக்கிரகம் பண்ணுனவ. ஒரு தியாகி பென்சன் தரமாட்டேங்குறானுவ."

அவளுக்குப் பிடித்த ஆள் வைரப்பன். வேதாரண்யத்து நாவிதர். சவரம் செய்துகொண்டிருக்கும்போது, உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியை மடக்கி வைத்துவிட்டவர். அதற்காக ஜெயிலுக்கும் போனார். அப்பாயி இதைச் சொல்லும்போது ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் தடவிக் காட்டுவாள். நாங்கள் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

உப்புச் சத்தியாக்கிரகம் சித்திரையில். அவள் பிறந்தது ஆடியில், அமாவாசைக்கு மூன்றாம் நாள். இது அவள் அம்மா சொன்ன கணக்கு. இதைவிடத் துல்லியமாக எந்த ரிஜிஸ்தரும் சொல்லியிருக்காது.

அதே 1930 ஏப்ரல் முதல் தேதிதான் சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினாலு வயது முடியாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்ற சட்டம். அப்பாயிக்குக் கல்யாணம் 1944 வைகாசியில். யுத்தக் காலம், மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, இலுப்பெண்ணெய் விளக்கில் தாலி கட்டினார் தாத்தா. "பதினாலு முடிஞ்சிச்சின்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்" என்பாள். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முதன்முதலாக அவள் வயதை வேறு யாரோ சொன்னது அப்போதுதான். அன்றைக்கு இரண்டு மாதம் கூட்டினார்கள், ஆதாரில் ஐந்தரை வருஷம் கழித்தார்கள்.

பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. 1957இல் நயா பைசா வந்தது. அதற்குப் பிறகும் அறுபது வருஷத்துக்கு மேல் அவள் அணாவில்தான் நினைத்தாள். முக்கால் ரூபாய் என்றால் பன்னிரண்டு அணா. தேங்காய் எண்ணும்போது முதல் காயை 'ஒன்று' என்று சொல்ல மாட்டாள், 'லாபம்' என்பாள். லாபம், ரெண்டு, மூணு என்று இரண்டிரண்டாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே நூறு வரைக்கும் போவாள். நடுவில் யார் பேசினாலும் எண் தவறாது. வியாபாரி ஒருமுறை, "கெழவி கணக்குல ஒண்ணு கொறஞ்சா நான் மீசையை எடுத்துக்குறேன்" என்றார். மீசை கடைசி வரை இருந்தது.

பிள்ளைகளை மட்டும் எண்ணக் கூடாது என்பாள். கண்படும். யாராவது, "ஒங்களுக்கு எத்தனை புள்ளைவ?" என்று கேட்டால், எண்ணுகிற மாதிரி இல்லாமல் பட்டென்று சொல்வாள்.

"இருக்கறது நாலு."

ரேஷன் கார்டிலும் நாலுதான் இருந்தது. பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பா.

வருஷங்களை அவள் புயலால் எண்ணினாள். எங்கள் கரைக்கு அது வசதியான பஞ்சாங்கம். 1952 நவம்பர் 30ஆம் தேதி ஒன்று. மூன்று வருஷம் கழித்து, அதே நவம்பர் 30 ராத்திரி தொடங்கி டிசம்பர் முதல் தேதி ஒன்று. 1964இல் தனுஷ்கோடியை முழுங்கியது ஒன்று. 1977இல் நாகப்பட்டினத்தில் அடித்தது ஒன்று. இதில் அம்பத்தஞ்சுதான் அவளுக்குப் புயல். மற்றதெல்லாம் காற்று.

"அம்பத்தஞ்சுல வீடு போச்சு. மரம் போச்சு. ரெண்டு மாடு போச்சு" என்பாள். அத்தோடு நிறுத்திக்கொள்வாள்.

கூரை பறந்து, சுவர் கரைந்து, பங்காளி வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒண்டியிருந்தபோது, புயலுக்குப் பன்னிரண்டாம் நாள் அப்பா பிறந்தார். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 01.06.1955 என்று இருக்கும். 1960இல் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னாராம் வாத்தியார். தொட்டுவிட்டார். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரு ஜூன் மாதத்தை எழுதிக்கொண்டார். 58 வயதில் ஓய்வு பெற்றபோது அப்பாவுக்கு அதில் ஆறு மாதச் சம்பளம் நஷ்டம். "காது எட்டாம இருந்திருக்கலாம்" என்று இப்போதும் சொல்வார்.

எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தார்கள். குடும்ப மரம் வரைந்து எல்லாருடைய பிறந்த வருஷத்தையும் எழுத வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாயியிடம் உட்கார்ந்தேன். அவள் முல்லை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா எப்பப் பொறந்தாங்க?"

"அம்பத்தஞ்சு புயலப்ப ஆறு வயசு. என் சேலையைப் புடிச்சிக்கிட்டே கொட்டாய்க்கு நடந்து வந்தான்."

1949 என்று எழுதினேன். பிறகு 52 புயலைப் பற்றிச் சொன்னாள். கைப்பிள்ளையைத் துணியில் சுற்றி மாரோடு கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் இரவெல்லாம் நின்றிருந்தாள். பிள்ளை ஒரு சொட்டு நனையவில்லை. பெரியப்பா தாத்தாவின் தோளில் தூங்கிவிட்டார்.

நான் நோட்டைப் பார்த்தேன். 49இல் பெரியப்பா. 55இல் அப்பா. 58இல் அத்தை. 61இல் சித்தப்பா.

"அப்பாயி, அம்பத்திரெண்டுல கைப்புள்ள யாரு?"

கட்டிக்கொண்டிருந்த கண்ணியை முடித்து நாரை இழுத்தாள். இன்னும் நாலு கண்ணி கட்டினாள்.

"ஒனக்குக் கணக்கு வராது. போயி வெளையாடு."

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அவளுக்கும் அது தெரியும். வயதாகிவிட்டது, இரண்டு புயலைக் குழப்பிக்கொள்கிறாள் என்று நானே முடிவு செய்து எழுந்து போனேன்.

இன்னொன்றும் எங்களுக்கு விளங்காமல் இருந்தது. அத்தை ஒருத்திதான் பெண். அவளுக்கு இளையவர் சித்தப்பா. ஆனாலும் அப்பாயி ஒருநாளும் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சின்னவளே" என்பாள். அது செல்லப் பேர் என்று இருந்துவிட்டோம்.

தாத்தா 1974இல் இறந்தார். அதற்குப் பிறகு கொல்லையும் அவளே, வெளிவேலையும் அவளே. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புகையிலை. குட்டையில் இறங்கி, இரண்டு குடம் மொண்டு, கன்றுக்குக் கன்று ஊற்றி, திரும்பவும் இறங்கி ஏற வேண்டும். மார்கழிப் பனியில் இருட்டோடு தொடங்கி வெயில் ஏறும் வரை. அவள் உள்ளங்கால் வெடிப்பில் எட்டணாக் காசு நிற்கும் என்று சித்தப்பா சொல்வார். அத்தையை வேதாரண்யம் கன்யா குருகுலத்தில் சேர்த்துப் படிக்க வைத்தாள். 1946இல் வேதரத்தினம் பிள்ளை பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடம் அது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் "நம்ம ஊரு சர்தார்" என்பாள், ஏதோ அடுத்த தெருக்காரர் மாதிரி.

சித்திரை, வைகாசியில் கோடியக்கரைக் காட்டுப் பாலாப்பழம் கூடையில் வரும். பிசின் உதட்டில் ஒட்டும். அப்பாயி ஒரு படி வாங்கி எங்களுக்குப் பங்கு வைப்பாள். அதே நாட்களில்தான் மாங்காய்க் குத்தகைக்காரர் வருவார். மரம் மரமாகப் பார்த்துத் தொகை பேசுவார். தெற்குக் கொல்லை வேலியோரம் இருந்த ஒரு மரத்தை மட்டும் அவள் குத்தகையில் சேர்க்க மாட்டாள். நல்ல காய்ப்பு உள்ள மரம். குத்தகைக்காரர் வருஷா வருஷம் கேட்பார். அவளும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்வாள்.

"அது புள்ளைக்கு விட்டது."

பிள்ளை என்றால் நாங்கள்தான் என்று பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரும் அதில் ஏறித் தின்றோம்.

2018 நவம்பரில் கஜா வந்தது. எச்சரிக்கையைக் கேட்டதும் சென்னையிலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டேன். 15ஆம் தேதி இரவு அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, நான், அப்பாயி ஆறு பேரும் ஒட்டுக் கட்டடமாகக் கட்டியிருந்த ஒரே கான்கிரீட் அறையில் இருந்தோம். நடுநிசிக்குப் பிறகு ஓட்டு வீட்டின் ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரிப் பறக்கிற சத்தம். மரங்கள் முறியும்போது துப்பாக்கி வெடிக்கிற மாதிரி இருந்தது. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிற்று. சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

"கதவைத் தொறக்காத" என்றாள் அப்பாயி, கட்டிலில் படுத்தபடி. "இது பாதிதான். வடக்கேருந்து அடிச்சது நின்னுடுச்சுன்னா, இனிமே தெக்கேருந்து வரும்."

வந்தது. முதலில் அடித்ததைவிட வேகமாக வந்தது. வடகாற்றில் சாய்ந்து நின்ற மரங்களையெல்லாம் தென்காற்று படுக்க வைத்தது. அன்றைக்கு அவளுக்கு 88 வயது முடிந்திருந்தது. சித்தப்பா இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரு சொல்லால்.

விடிந்ததும் வெளியே வந்தோம். ஊர் வெளிச்சமாக இருந்தது. மரம் இல்லாத வெளிச்சம். இத்தனை வருஷம் மறைந்திருந்த அடுத்த தெரு வீடுகள் தெரிந்தன. அப்பா தென்னைகளை எண்ணிக்கொண்டே நடந்து, பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு வேலிக்கல்லில் உட்கார்ந்தார். அம்மா அழுதாள். அப்பாயி தடியை ஊன்றிக்கொண்டு, விழுந்து கிடந்த எதையும் பார்க்காமல் தெற்குக் கொல்லைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

அந்த மாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர் பிடுங்கிய இடத்தில் ஒரு குழி. அப்பாயி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, ஈர மண்ணைக் கையால் உள்ளே தள்ளினாள். அப்பாவும் அத்தையும் வந்து சேர்ந்தார்கள்.

"அம்பத்தஞ்சுல வீடு போச்சு. மரம் போச்சு. ரெண்டு மாடு போச்சு" என்றாள். வழக்கமாக நிறுத்துகிற இடம்.

"ஒரு புள்ளையும் போச்சு."

யாரும் பேசவில்லை. அவளே சொன்னாள். 52 ஆவணியில் பிறந்த பெண். மண்டபத்தில் ஒரு சொட்டு நனையாமல் காப்பாற்றிய கைப்பிள்ளை. 55 புயலைத் தாண்டிவிட்டது. கடல் தண்ணீர் ஏறிக் குட்டையெல்லாம் கெட்டுப்போய், ஊரில் வாந்திபேதி கண்டது. புயலுக்கு இருபதாம் நாள் அந்தப் பிள்ளை போயிற்று. அப்பா பிறந்து எட்டு நாள்.

"பெத்த ஒடம்பு. எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. தாத்தாதான் தூக்கிட்டு வந்து இங்கே வச்சாரு. எனக்கு எடத்தைக் கூடக் காட்டலை. பதினாறு நாள் கழிச்சு நானே கண்டுபுடிச்சேன். ஒரு மாங்கன்னு வச்சேன்."

பேர் என்ன என்று அத்தை கேட்டாள். அப்பாயி அத்தையின் பேரைச் சொன்னாள்.

அந்தப் பேரைத்தான் மூன்று வருஷம் கழித்துப் பிறந்த அடுத்த பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். வைத்தார்களே தவிர, அப்பாயியால் அதைக் கூப்பிட முடியவில்லை. அறுபது வருஷம் 'சின்னவளே' என்று கூப்பிட்டது அதனால்தான்.

போன் கோபுரங்கள் சரியாகப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. திருவாரூரில் இருந்த பெரியப்பாவிடம் அப்பா பேசினார். "தெரியும்டா. கன்னுக்கு நாந்தான் தண்ணி ஊத்துனேன். அம்மா சொல்லாதேன்னுச்சு, சொல்லலை" என்றாராம். ஆறு வயதில் கொடுத்த வாக்கு. அப்போது அவருக்கு 69.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தபோது மார்கழி ஆகியிருந்தது. விழுந்த மரங்களைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றினார்கள். அந்த மாமரத்தை மட்டும் அப்பாயி ஏற்ற விடவில்லை. மூன்று வருஷம் கழித்து அது அவளுக்கே விறகாயிற்று.

கடைசி ஆறு மாதம் அவள் அதிகம் பேசவில்லை. படுக்கையில் விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருப்பாள். தேங்காயோ, புயலோ, பிள்ளைகளோ, நாங்கள் கேட்கவில்லை. மாசியில் ஒரு விடியற்காலை, கஞ்சி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சிறிது நேரத்தில் போய்விட்டாள். அஸ்தியை வேதாரண்யம் சன்னதிக் கடலில் கரைத்தோம்.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். எனக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆதார்ல உள்ளதுதான் தம்பி போட முடியும். மாத்திப் போட்டா நாளைக்கு வாரிசுச் சான்றுக்கு நீங்கதான் அலையணும்" என்றார். அவர் சொன்னது நியாயம். தலையாட்டினேன். இறப்புச் சான்றிதழில் வயது 86. கல்யாணத்திலிருந்து சாவு வரை அவள் வயதை அடுத்தவர்கள்தான் சொன்னார்கள். அந்தக் கடைசி முறை சொன்னவன் நான்.

பதினாறாம் நாள் படையலுக்கு அத்தை தலைவாழை இலை போட்டு, அப்பாயிக்குப் பிடித்த கொடுவாக் குழம்பும் அவித்த பனங்கிழங்கும் வைத்தாள். வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன இலையை விரித்தாள். அதில் பால்சோறு பிசைந்து வைத்தாள்.

"இது யாருக்கு?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள்.

"பெரியவளுக்கு" என்றாள் அத்தை.

உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய ஒருத்தி இருந்தால், அவள் வயதை ஆதாரில் பார்த்துக்கொள்ளுங்கள், அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. எத்தனை பிள்ளை பெற்றாள் என்று மட்டும் அவளிடமே கேளுங்கள். ரேஷன் கார்டில் உள்ளதைச் சொன்னால், எழுந்து போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பதினோரு வயதில் நான் எழுந்து போய்விட்டேன்.